வாசகர் கேள்விகள்: அல்லலுக்கு நடுவே உவகை

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, வெவ்வேறு சொற்களில், ஒரே துயரத்தையே சுற்றி வந்தன. வாழ்க்கை நெருக்கும்போது கதை எழுதுகிற மனம் என்னவாகிறது, அதில் முன்பிருந்த மகிழ்ச்சி எங்கே போய்விடுகிறது என்பதே அத்துயரம். ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இம்முறை இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: பத்து ஆண்டுகளாகச் சிறுகதைகள் எழுதி வருகிறேன். சென்ற ஓராண்டாகத் தாயாரின் நோய், வேலையில் நிச்சயமின்மை, கடன் என்று ஒன்றன்பின் ஒன்றாக நெருக்கடிகள். இதற்கிடையில், ஆண்டு முடிவதற்குள் ஒரு தொகுப்புக்கான கதைகளை எழுதி முடித்தே ஆகவேண்டும் என்று எனக்கு நானே கெடு வைத்திருக்கிறேன். முன்பெல்லாம் எழுத உட்கார்ந்தால் நேரம் போவதே தெரியாது. இப்போது நோட்டைத் திறப்பதே வரி கட்டுவது போல இருக்கிறது. இந்தக் காலம் கடந்ததும் அந்த மகிழ்ச்சி தானாகத் திரும்பிவிடுமா? அதுவரை எழுதாமல் இருக்கட்டுமா? (பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

பதில்: எழுதாமல் இருப்பதில் குற்றமில்லை. நோயுற்ற தாயாரின் பக்கத்தில் இருக்கவேண்டிய ஒரு நாளில் கதை எழுதவில்லை என்பதற்காக எந்த எழுத்தாளரும் வருந்தவேண்டியதில்லை. ஆனால் 'இந்தக் காலம் கடந்ததும்' என்று நீங்கள் வைத்திருக்கும் நிபந்தனைதான் எனக்கு அச்சம் தருகிறது. ஒரு நெருக்கடி விலகும் இடத்தில் இன்னொன்று வந்து நிற்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அமைதி வந்த பிறகுதான் மகிழ்ச்சி என்று தள்ளிப்போட்டுப் பழகிய மனம், அமைதி வந்த பிறகும் எதையோ எதிர்பார்த்துக்கொண்டேதான் இருக்கும்.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படும் நிலைகளை, சொல்கிறது. நகையில் தொடங்கி உவகையில் முடிக்கிறது. உவகை எவற்றிலிருந்து பிறக்கும் என்பதற்கு அது தரும் விடை இது: 'செல்வம் புலனே புணர்வு விளையாட்டென்று அல்லல் நீத்த உவகை நான்கே.' புலன் என்பதற்கு அறிவு என்று பொருள் கொள்வர். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இந்த நூற்பாவை நெடுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன். நெருக்கடிக் காலத்தில் செல்வம் சுருங்கலாம். நெருக்கமானவர்களோடு கூடியிருக்கும் நேரமும் குறைந்துவிடலாம். அறிவும் விளையாட்டும் மட்டும் நம் கையைவிட்டு முழுவதுமாகப் போய்விடுவதில்லை. புனைவு எழுதுவது இவ்விரண்டும் ஒருங்கே கூடிய செயல். இது என்னுடைய வாசிப்பே தவிர, இலக்கண நூலின் கூற்று அன்று. ஆனாலும் விளையாட்டை உவகையின் நான்கு ஊற்றுகளில் ஒன்றாக ஒரு பழைய இலக்கணம் வைத்திருப்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருக்கிறது.

உங்கள் எழுத்திலிருந்து விளையாட்டு எப்போது வெளியேறியது என்று பாருங்கள். தொகுப்பை முடிப்பதற்கான கெடுவை வைத்த நாளிலிருந்தே அது விலகத் தொடங்கியிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. மனம் ஒரு செயலில் தன்னை மறந்து ஆழ்ந்துபோகும் நிலையை ஆராய்ந்த உளவியலாளர் மிஹாலி சிக்சென்ட்மிஹாயி, 1990இல் வெளிவந்த தம் நூலில், செயலின் கடினமும் செய்பவரின் திறனும் ஏறத்தாழச் சமமாக இருக்கும்போதே அந்த ஆழ்தல் நிகழ்கிறது என்று விளக்குகிறார். செயல் மிகக் கடினமானால் பதற்றம் வருகிறது. மிக எளிதானால் சலிப்பு வருகிறது. உங்கள் திறன் குறைந்துவிடவில்லை. தூக்கமின்மையும் கவலையும் கவனத்தைத் தின்றுகொண்டிருக்கும்போது, அத்திறனில் எழுத்துக்குக் கிடைக்கும் பங்கு குறைந்துவிட்டது, அவ்வளவே. ஆனால் நீங்கள் வைத்த கெடு, நன்றாக இருந்த காலத்து அளவிலேயே நின்றுகொண்டிருக்கிறது. கெடுவைக் கைவிடுங்கள். தொகுப்பையும் இப்போதைக்கு மறந்துவிடுங்கள். ஒரு பத்தி, ஒரு முகம், ஒரு பொருள் என்று வேலையை உங்கள் இன்றைய கவனத்தின் அளவுக்குச் சிறிதாக்கிக்கொள்ளுங்கள்.

என் அனுபவத்தில் ஒன்றைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் தந்தையார் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தபோது, பதினொரு இரவுகள் அந்த மருத்துவமனையின் நடைக்கூடத்தில் கழித்தேன். பாதியில் நின்றிருந்த நாவலின் கைப்பிரதி பையில் இருந்தது. அதை ஒருமுறைகூட வெளியே எடுக்கவில்லை. எனக்கு எதிர் இருக்கையில் ஒரு முதியவர் உட்கார்ந்திருப்பார். அவருடைய மனைவி உள்ளே இருந்தார். சேர்க்கும்போது கழற்றிக் கொடுத்த அந்த அம்மாளின் செருப்புகளை அவர் இருக்கைக்கு அடியில் வைத்திருந்தார். இரவில் ஒரு முறையோ இரு முறையோ அவற்றை எடுத்துக் கைக்குட்டையால் துடைத்துவிட்டுத் திரும்ப வைப்பார். ஐந்தாம் நாள் இரவு, மருந்துகளின் பெயர்களைக் குறித்து வைத்திருந்த சிறிய நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவரைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதினேன். 'முதியவர் கவலையோடு காத்திருந்தார்' என்று முதலில் எழுதினேன். அது யாருக்கும் பொருந்தும் வாக்கியம் என்பதால் அடித்துவிட்டு, 'முதியவர் மனைவியின் செருப்புகளைத் துடைத்து ஜோடியாக வைத்தார்' என்று எழுதினேன். அதிலும் ஏதோ குறைந்தது. நிமிர்ந்து மறுபடியும் பார்த்தபோதுதான் அவர் செருப்புகளை வைத்திருந்த விதம் கண்ணில் பட்டது. அவற்றின் முனைகள் வெளியே போகும் கதவைப் பார்த்திருந்தன. வெளியே வருகிறவர், குனியாமலும் திரும்பாமலும், அப்படியே கால்களை நுழைத்துக்கொண்டு நடந்துவிடலாம். 'துடைத்த செருப்புகளை வாசலைப் பார்த்தபடி திருப்பி வைத்தார்' என்று எழுதி முடித்தபோது, அத்தனை நாட்களில் முதன்முறையாக, என் உடம்பில் இறுக்கிப் பிடித்திருந்த ஏதோ ஒன்று தளர்ந்தது. அது மகிழ்ச்சிதான்; வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. அது ஐந்து நிமிடங்கள் இருந்திருக்கும். கவலை அப்படியேதான் இருந்தது. ஆனால் அந்த ஐந்து நிமிடங்களுக்கு அது என்னை ஆளவில்லை.

அந்த வாக்கியம் எந்தக் கதையிலும் சேரவில்லை. நீங்களும் இப்போதைக்கு அப்படிப்பட்ட வாக்கியங்களையே எழுதுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். எதிலும் சேரவேண்டிய கட்டாயம் இல்லாத ஒரு நோட்டு, யாருக்கும் காட்டவேண்டாத பக்கங்கள், நாளொன்றுக்கு ஒரு வாக்கியம் என்பதே போதும். அதுவும் முடியாத நாளில் விட்டுவிடுங்கள்.

கேள்வி: சுற்றிலும் போரும் நோயும் வேலையிழப்புமாக இருக்கும்போது, நான் குழந்தைகளுக்கான வேடிக்கைக் கதை ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுதும்போது சிரித்துக்கொண்டே எழுதுகிறேன். எழுதி முடித்ததும் குற்ற உணர்வு வந்துவிடுகிறது. பிறர் துன்பத்தில் இருக்கும்போது மகிழ்ச்சியாக எழுதுவது சரியா? (ஓர் ஆசிரியர்)

பதில்: மேலே சொன்ன இரவில், வாக்கியம் சரியாக அமைந்த மகிழ்ச்சி வந்த அடுத்த நொடியே எனக்கும் வெட்கம் வந்தது. ஒரு மனிதரின் துயரத்தைப் பார்த்து நான் சொல் தேடிக்கொண்டிருந்தேன் அல்லவா? அந்த வெட்கத்தை நான் இன்றும் மதிக்கிறேன். அது எழுத்தாளரைக் காக்கும் வெட்கம். ஆனால் அதன் பேச்சை முழுவதுமாகக் கேட்டிருந்தால், அந்தச் செருப்புகள் எந்தத் திசையைப் பார்த்திருந்தன என்பதை நான் கவனித்திருக்கவே மாட்டேன். மறுநாள் காலை அவரிடம் முதன்முறையாகப் பேச்சுக் கொடுத்ததும், அவர் சாப்பிட்டாரா என்று கேட்டதும் அந்த வாக்கியத்துக்குப் பிறகுதான். கவனித்து எழுதியதால் நான் அவருக்கு அந்நியமாகிவிடவில்லை. சற்று அருகில்தான் போனேன்.

உங்கள் கேள்விக்கு நேரான முன்னோடி ஒருவர் இருக்கிறார். பின்லாந்தைச் சேர்ந்த ஓவியரும் எழுத்தாளருமான தோவே யான்சன், 1939ஆம் ஆண்டின் போர்க்கால குளிர்காலத்தில் தம் ஓவிய வேலை முற்றிலும் நின்றுபோனதையும், படம் வரைவதே பயனற்றதாகப் பட்டதையும் பின்னாளில் எழுதியிருக்கிறார். அப்போதுதான் அவர் 'ஒரு காலத்தில்' என்று தொடங்கும் ஒரு கதையை எழுத ஆரம்பித்தார். தம் கேலிச்சித்திரங்களில் கையெழுத்துப் போலப் போட்டுவந்த ஒரு சிறு உருவத்தையே நாயகனாக்கிக்கொண்டார். பாதியில் விட்டு மறந்தும் போனார். 1945இல் ஒரு நண்பர் சொன்ன பிறகே அதை முடித்துப் படங்களும் வரைந்து வெளியிட்டார். பல மொழிகளில் குழந்தைகள் படிக்கும் மூமின் கதைகளின் தொடக்கம் அதுதான்.

அந்த முதல் கதையில் நடப்பது என்னவென்றால், ஒரு தாயும் பிள்ளையும் காணாமற்போன தந்தையைத் தேடி அலைகிறார்கள். வழியில் பெருவெள்ளம் வருகிறது. போரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்றாலும், வீடிழந்தவர்களின் அலைச்சல் முழுவதும் அதில் இருக்கிறது. வேடிக்கைக் கதை எழுதுகிறவர் உலகத்தைப் புறக்கணிக்கிறார் என்று எண்ணவேண்டாம். நாம் அழைக்காவிட்டாலும் காலம் கதைக்குள் வந்து சேர்ந்துவிடும். உங்கள் குற்ற உணர்வுக்கு ஒரு வேலை கொடுங்கள்: துன்பத்தில் இருப்பவர்களுக்கு உங்களால் செய்யக்கூடிய உதவி எதுவோ அதைச் செய்யுங்கள். பிறகு வந்து சிரித்துக்கொண்டே எழுதுங்கள். வகுப்பறையில் உங்கள் எதிரே அமர்ந்திருக்கும் குழந்தைகளுக்கு இப்போது அந்தச் சிரிப்பு தேவை.

கேள்வி: துன்பப்படாமல் நல்ல கதை எழுத முடியாது என்கிறார்கள். மகிழ்ச்சி எழுத்தின் ஆழத்தைக் கெடுத்துவிடாதா?

பதில்: கெடுத்துவிடாது. துன்பம் ஒருவருக்குக் கதைப்பொருளைத் தரலாம். அதை எழுதி முடிக்கத் தேவையான பொறுமை, சொல்லின் மீதான காதல், ஒரு பக்கத்தைப் பத்து முறை திருத்தும் விருப்பம் ஆகியவற்றை அது தருவதில்லை, பெரும்பாலும் பறித்துக்கொள்கிறது. துன்பத்தைப் பற்றி மிக ஆழமாக எழுதப்பட்ட பக்கங்களும், எழுதிய கைக்கு அந்த நேரத்தில் ஒரு நிறைவைக் கொடுத்துக்கொண்டே எழுதப்பட்டவை என்று நான் உறுதியாக நம்புகிறேன். இந்தத் தவறான கருத்தால் தங்கள் உடல்நலத்தையும் குடும்பத்தையும் கெடுத்துக்கொண்ட இளைஞர்களைப் பார்த்திருப்பதால், இதைச் சற்று அழுத்தியே சொல்கிறேன்.

கேள்வி: அலுவலகம், வீட்டுவேலை, இரண்டு பிள்ளைகள். இரவு பத்தரைக்கு மேல் இருபது நிமிடங்கள் கிடைத்தால் அதிகம். அந்த இருபது நிமிடங்களில் கதைக்குள் நுழைவதற்குள் தூக்கம் வந்துவிடுகிறது. (ஒரு வாசகி)

பதில்: தோனி மாரிசன் ஒரு பதிப்பகத்தில் தொகுப்பாசிரியராக வேலை பார்த்துக்கொண்டு, இரண்டு மகன்களைத் தனியாக வளர்த்துக்கொண்டே எழுதியவர். பிள்ளைகள் எழுவதற்கு முன், விடியுமுன்னரே எழுந்து எழுதுவது அவர் வழக்கம். அவருடைய முதல் நாவல் 1970இல் வெளிவந்தபோது அவருக்கு முப்பத்தொன்பது வயது. இதை எழுதுவது உங்களையும் நான்கு மணிக்கு எழச் சொல்வதற்காக இல்லை. இரவின் கடைசி இருபது நிமிடங்கள் உங்களிடம் மிச்சமிருக்கும் நேரத்திலேயே மிகவும் களைத்த பகுதி. அதைக் கதைக்குக் கொடுத்துவிட்டுக் கதை வரவில்லை என்று வருந்துகிறீர்கள். வாரத்தில் இரண்டு நாட்களாவது, நாளின் வேறொரு முனையிலிருந்து அந்த இருபது நிமிடங்களை வெட்டி எடுக்க முடியுமா என்று பாருங்கள். வீட்டில் உள்ளவர்களிடம் இதற்காக வாய்விட்டுக் கேளுங்கள். எழுதுவதற்கு நேரம் கேட்பது தன்னலம் என்ற எண்ணத்தால் கேட்காமலே ஆண்டுகளைக் கடத்தியவர்கள், குறிப்பாகப் பெண்கள், மிகப் பலர்.

கதைக்குள் நுழையத்தான் நேரமாகிறது என்கிறீர்கள். அதற்கு ஒரு பழைய உத்தி உண்டு. எர்னஸ்ட் ஹெமிங்வே, அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்திருக்கும் இடத்திலேயே அன்றைய எழுத்தை நிறுத்திவிடுவதாக 1958இல் வெளிவந்த ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். நான் இதை இன்னும் சிறியதாக்கிச் செய்கிறேன்: வாக்கியத்தின் பாதியிலேயே எழுந்துவிடுவேன். 'கதவைத் திறந்தவள் முதலில் பார்த்தது' என்று நின்றுபோன வரி, மறுநாள் பாத்திரம் துலக்கும்போதும் பேருந்தில் நிற்கும்போதும் கூடவே வரும். அவள் எதைப் பார்த்தாள் என்று மனம் தானாக விளையாடிக்கொண்டிருக்கும். மேசைக்கு வரும்போது நீங்கள் ஏற்கெனவே கதைக்குள் இருப்பீர்கள்.

ஃபிரான்ஸ் காஃப்கா 1912 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு பத்து மணிக்கு உட்கார்ந்து மறுநாள் காலை ஆறு மணி வரை ஒரே அமர்வில் ஒரு சிறுகதையை முடித்தார் என்பது எல்லோரும் வியந்து சொல்லும் செய்தி. காப்பீட்டு அலுவலக வேலை அவருக்கும் இருந்தது. ஆனால் அவருடைய நாட்குறிப்பில், எதுவும் எழுதவில்லை என்று அவர் வருந்திய நாட்கள் எண்ணற்றவை. ஓர் இரவின் அற்புதத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டு உங்கள் இருபது நிமிடங்களை அளக்காதீர்கள்.

கேள்வி: உடன் எழுதத் தொடங்கியவர்களின் புத்தக வெளியீடு, விருது, பாராட்டு என்று செல்பேசியைத் திறந்தாலே வருகிறது. என் கதைகளோ திரும்பி வருகின்றன. எழுதவே கை வரவில்லை.

பதில்: எழுதுகிற நேரத்துக்கு முந்தைய ஒரு மணி நேரம் செல்பேசியை வேறு அறையில் வையுங்கள். பொறாமை வருவது இயல்பு. அதற்காக உங்களை வெறுக்கவேண்டாம். திரும்பி வந்த கதைகளில், எழுதும்போது உங்களுக்கு மிகவும் பிடித்திருந்த ஒரு பத்தியை எடுத்து வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். அது இன்னும் பிடித்திருந்தால் அங்கிருந்து அடுத்த கதையைத் தொடங்கலாம். மற்றவற்றுக்கு அவசரமில்லை.

கேள்வி: என் வாழ்வில் நேர்ந்த ஓர் இழப்பைக் கதையாக எழுத முயல்கிறேன். எழுதினால் மனம் லேசாகும் என்றார்கள். எனக்கோ எழுதிய அன்றெல்லாம் உறக்கம் போய்விடுகிறது. நிறுத்திவிடட்டுமா? (ஓர் இளம் எழுத்தாளர்)

பதில்: எழுதினால் மனம் லேசாகும் என்பது உண்மையின் ஒரு பாதி. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் தொடர்ந்து நான்கு நாட்கள், நாளொன்றுக்குப் பதினைந்து நிமிடங்கள் எழுதினார்கள். தங்களைப் பாதித்த நிகழ்வையும் அதைப் பற்றிய உணர்வுகளையும் சேர்த்து எழுதியவர்களுக்கு, எழுதி முடித்த உடனே மனநிலை மோசமாகத்தான் ஆனது. அடுத்த மாதங்களில்தான் அவர்கள் மருத்துவரிடம் சென்றது குறைவாக இருந்தது. ஆகவே எழுதிய அன்று கனமாக இருப்பது உங்கள் பிழையன்று. அந்த ஆய்வில் எழுதும் நேரத்துக்கு ஓர் எல்லை இருந்தது என்பதையும் கவனியுங்கள். நீங்கள் இரவு முழுவதும் அதிலேயே இருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. பகலில் எழுதுங்கள், கால் மணி நேரத்தில் நிறுத்துங்கள், எழுதியதும் எழுந்து வெளியே நடந்துவிட்டு வாருங்கள்.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்கவேண்டும். நாட்குறிப்பு வேறு, கதை வேறு. நாட்குறிப்பில் இழப்பு நடந்தபடியே இருக்கும். கதையில் நீங்கள் எதை வேண்டுமானாலும் மாற்றலாம். 'நான்' என்பதை 'அவர்' என்று மாற்றுங்கள். வயதை மாற்றுங்கள். நடந்த இடத்தை, நடந்த பருவத்தை மாற்றுங்கள். உங்களிடம் இல்லாத ஒரு பிடிவாதத்தையோ சிரிக்கும் விதத்தையோ அந்த மனிதருக்குக் கொடுங்கள். இப்படி மாற்ற மாற்ற, துயரத்தின் நடுவே ஒரு கைவினைஞரின் ஆர்வம் எட்டிப்பார்க்கும். அது எட்டிப்பார்க்கவே இல்லையென்றால், கதையாக எழுதும் காலம் இன்னும் வரவில்லை என்று கொள்ளுங்கள். சில இழப்புகள் கதையாகப் பல ஆண்டுகள் ஆகும். சில ஆகவே வேண்டாம்.

உறக்கமின்மையும் எதிலும் பற்றின்மையும் வாரக்கணக்கில் நீடித்தால், தயவுசெய்து ஒரு மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பாருங்கள். கதை எழுதுவது மருத்துவத்துக்கு மாற்றாகாது. நானும் ஒரு காலத்தில் போயிருக்கிறேன். போனதால் எழுதுவது நின்றுவிடவில்லை.

கேள்வி: நீங்கள் கடைசியாக எப்போது மகிழ்ச்சியோடு எழுதினீர்கள்? (கல்லூரி மாணவி)

பதில்: சென்ற வாரம். இந்தக் கடிதங்கள் மேசைமீது இருந்தன. வீட்டில் ஒருவருக்கு உடல்நலமில்லை. நாவலின் ஒரு பகுதி மாதக்கணக்கில் நகராமல் கிடந்தது. அந்தப் பகுதியில் தபால் கொண்டுவரும் ஒரு பெண் வருகிறாள். கடிதத்தைக் கொடுத்துவிட்டு ஒரே வரியில் போய்விடவேண்டியவள். எழுதும்போது அவள் போகவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து, ஒரு காலணியைக் கழற்றி, உள்ளேயிருந்த கல்லைத் தட்டிக் கீழே போட்டுவிட்டு, 'இதோடு மூன்று தெரு நடந்தேன்' என்றாள். ஏன் மூன்று தெருவுக்கும் நிற்காமல் நடந்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்வதற்காக அன்று நான்கு பக்கங்கள் எழுதினேன். அவள் இன்னும் அந்தப் படியில்தான் உட்கார்ந்திருக்கிறாள். இந்தப் பதில்களை அனுப்பிவிட்டு அங்கேதான் போகவேண்டும்.